நாய் ஒன்றும் செய்யாது என்று தெரிகிறது. உடம்பு ஏன் கேட்க மறுக்கிறது?

கேள்வி இது: நாய் கடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. காயம் ஆறிவிட்டது, ஊசிகளும் போட்டு முடிந்துவிட்டன. எதிர்வீட்டு நாயைச் சங்கிலியில் கட்டியிருப்பது கண்ணுக்கே தெரிகிறது. ஆனாலும் அது குரைத்தால் கால் நகர மறுக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மூளையில் பயம் எங்கே பதிகிறது, உடம்பில் எப்படி வெளிப்படுகிறது, பதிந்ததை அழிக்க முடியுமா?

முதலில் விடையின் சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆபத்தைக் கற்றுக்கொள்ளும் இடம் ஒன்று, அதை உடம்பில் காட்டும் இடங்கள் வேறு, "இது கட்டிப்போட்ட நாய்" என்ற விவரத்தை அறிந்துவைத்திருக்கும் இடம் இன்னொன்று. இவை எப்போதும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் மூளைக்கு இல்லை. ஆகவே தெரிந்தும் பயப்படுவதை மனத்திடம் இல்லாததன் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூளையின் அமைப்பே அப்படி. அழிக்க முடியுமா என்ற கடைசிக் கேள்விக்குத்தான் பதில் கொஞ்சம் சிக்கலானது. அங்கே பிறகு வருகிறேன்.

பயம் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் அமிக்டலா. காதுக்குச் சற்று முன்னும் மேலும், தலைக்குள் ஆழத்தில், நினைவுகளைக் கோக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதிக்கு முன்னால், பாதாம்பருப்பு அளவில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது. ஒரே உறுப்பு போலப் பேசினாலும் அதற்குள் பத்துக்கு மேற்பட்ட நரம்பணுத் தொகுதிகள் உண்டு. இந்தக் கேள்விக்கு மூன்று போதும்: காதும் கண்ணும் தோலும் அனுப்பும் செய்திகள் வந்து சேரும் பக்கவாட்டுத் தொகுதி; இடம், சூழல் பற்றிய செய்தி வந்து கலக்கும் அடித் தொகுதி; உடம்புக்குக் கட்டளை வெளியேறும் நடுத் தொகுதி.

இதையெல்லாம் கண்டுபிடித்த சோதனை பார்க்க மிக எளியது. தரையில் எஃகுக் கம்பிகள் பதித்த பெட்டியில் எலியை விடுகிறார்கள். 20 அல்லது 30 விநாடி ஒரு ஒலி. ஒலி முடியும் தறுவாயில் அரை விநாடி முதல் ஒரு விநாடி வரை, 0.5 முதல் 1 மில்லிஆம்பியர் அளவில் காலில் ஒரு ஷாக். ஓரிரு நிமிட இடைவெளி விட்டு மூன்று முதல் ஐந்து முறை. அவ்வளவுதான் பாடம். மறுநாள் எலியை வேறொரு பெட்டியில் போட்டு ஒலியை மட்டும் கொடுக்கிறார்கள். எலி உறைந்துபோகிறது: மீசை மயிர்கூட அசைவதில்லை, மூச்சுக்கு விலா ஏறி இறங்குவது மட்டும் தெரிகிறது. ஒலி கேட்ட நேரத்தில் எத்தனை சதவீதம் எலி இப்படி உறைந்திருந்தது என்பதே அளவு.

மறுநாள் பெட்டியை மாற்றுவதில்தான் சோதனையின் நுட்பம் இருக்கிறது. அதே பெட்டியில் விட்டால் ஒலி வருமுன்பே எலி உறைந்து நிற்கும். பயம் ஒலிக்கா, இடத்துக்கா என்று பிரிக்க முடியாது. அதனால் பெட்டியின் வடிவம், தரை, வெளிச்சம், துடைக்கும் திரவத்தின் வாசனை வரை மாற்றுவார்கள். இன்னொரு எலிக் கூட்டத்துக்கு ஒலியையும் ஷாக்கையும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நேரங்களில் கொடுத்து ஒப்பிடுவார்கள். இந்த ஒப்பீடு இல்லாவிட்டால், எலி ஒலியைக் கற்றதா, ஷாக் வாங்கியதால் பொதுவாகவே மிரண்டு கிடக்கிறதா என்று சொல்ல வழியில்லை.

ஷாக்கின் அளவும் முக்கியம். பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜியின் குழு 2015இல் காட்டியது இது: ஷாக் மிதமாக இருந்தால் எலி அந்த ஒரு ஒலிக்கு மட்டும் பயப்படுகிறது, கடுமையாக்கினால் பாதுகாப்பான இன்னொரு ஒலிக்கும் பயப்படத் தொடங்குகிறது. பக்கவாட்டுத் தொகுதியின் நரம்பணுக்களே இரண்டு ஒலிகளையும் பிரித்தறிவதை விட்டுவிடுகின்றன. லேசாகக் கடிபட்டவர் அந்த நாயைக் கண்டு ஒதுங்குவதும், மோசமாகக் கடிபட்டவர் எல்லா நாயையும், சில சமயம் பூனையையும்கூடக் கண்டு பதறுவதும் இதனால் புரியக்கூடியதே.

ஒலி காதிலிருந்து அமிக்டலாவுக்கு எப்படிப் போகிறது என்பதை அமெரிக்க நரம்பியலாளர் ஜோசப் லெடூ 1980களில் தேடினார். முறை நேரடியானது: பாதையில் ஒவ்வொரு நிலையமாகச் சிதைத்துவிட்டு, எலி இன்னும் கற்கிறதா என்று பார்ப்பது. மூளைப் புறணியில் (மூளையின் வெளி அடுக்கில்) கேட்கும் பகுதியை எடுத்துவிட்டால் எலி கற்காது என்றுதான் எவரும் நினைப்பார்கள். கற்றது. அதற்கு ஒரு படி கீழே, புலன்செய்திகளைப் புறணிக்கு அனுப்பும் தாலமஸில் கேட்டலுக்குரிய பகுதியைச் சிதைத்தபோது கற்கவில்லை. தாலமஸிலிருந்து புறணியைச் சுற்றிப் போகாமல் நேரே அமிக்டலாவுக்கு ஒரு குறுக்குவழி இருப்பது இப்படித்தான் தெரிந்தது. எலியில் ஒலி எழுந்து சுமார் 12 மில்லிவிநாடிகளில் பக்கவாட்டுத் தொகுதியின் நரம்பணுக்கள் சுடத் தொடங்குகின்றன, அதாவது மின்துடிப்புகளை அனுப்புகின்றன.

இந்தக் குறுக்குவழிக் கதை பொதுவெளியில் அளவுக்கு மீறிப் பரவிவிட்டது. "அமிக்டலா மூளையைக் கடத்திவிடுகிறது" என்று மேடைகளில் சொல்வார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். மூளை முழுதாக இருக்கும் விலங்கில் குறுக்குவழி, புறணி வழி இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன. ஒரு குரைப்புக்கும் இன்னொரு குரைப்புக்கும் உள்ள வித்தியாசம் போன்ற நுணுக்கத்துக்குப் புறணி தேவை.

பக்கவாட்டுத் தொகுதிக்குள் என்ன மாறுகிறது? ஒலியைக் கொண்டுவரும் நரம்பிணைப்பு முதலில் பலவீனமானது. ஒலி மட்டும் வந்தால் அடுத்த நரம்பணு பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஷாக்கின் வலியைக் கொண்டுவரும் இணைப்பு வலுவானது. அது வந்தால் நரம்பணுவின் மின்னழுத்தம் சட்டென்று மாறும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால்தான் என்எம்டிஏ என்ற ஏற்பியின் (வேதிச் செய்தியை வாங்கும் புரதத்தின்) வாயை அடைத்துக்கொண்டிருக்கும் மக்னீசியம் அயனி விலகி, கால்சியம் உள்ளே பாய்கிறது. கால்சியம் தட்டியெழுப்பும் நொதிகள், ஒலி வந்த அதே இணைப்பில் ஆம்பா என்ற இன்னொரு வகை ஏற்பிகளைக் கூடுதலாகப் பதிக்கின்றன. இனி ஒலி மட்டும் வந்தாலே அந்த நரம்பணு சுடும். இந்த மாற்றம் நிலைத்து நிற்க அடுத்த சில மணி நேரத்தில் புதுப் புரதங்கள் உருவாக வேண்டும். 1990இலேயே அமிக்டலாவில் என்எம்டிஏ ஏற்பியை அடைக்கும் மருந்தைச் செலுத்தி, எலியைப் பயம் கற்க முடியாமல் செய்தார்கள். ஏற்கெனவே கற்றிருந்த பயம் வெளிப்படுவதை அதே மருந்து தடுக்கவில்லை. கற்பதும் காட்டுவதும் வேறு என்பதற்கு முதலில் கிடைத்த நல்ல சான்றுகளில் இது ஒன்று.

பிறகு வந்தவை இன்னும் துல்லியம். ஒரு பயத்தைப் பதிய எல்லா நரம்பணுக்களும் சேர்வதில்லை. பக்கவாட்டுத் தொகுதியில் ஒரு பங்கு மட்டுமே சேர்கிறது. அந்த நேரத்தில் யார் அதிகத் துடிப்போடு இருக்கிறாரோ அவருக்கே இடம். டொரான்டோவில் ஷீனா ஜோஸ்லின் குழு 2009இல், சுண்டெலிகளில் அப்படிச் சேர்ந்த நரம்பணுக்களை மட்டும் குறிவைத்து அழித்தது. பயம் போய்விட்டது, புதிதாக மறுபடி பயம் கற்கும் திறன் அப்படியே இருந்தது. 2014இல் சான் டியாகோவில் ராபர்டோ மாலினோ குழு, அமிக்டலாவுக்கு வரும் கேட்டல் நரம்பிழைகளை ஒளியால் தூண்டி, அதையே ஒலிக்குப் பதிலாக ஷாக்குடன் சேர்த்துக் கற்பித்தது. இணைப்பைப் பலவீனப்படுத்தும் வேகத்தில் ஒளியைத் துடிக்கவிட்டால் பயம் மறைந்தது. வலுப்படுத்தும் வேகத்தில் துடிக்கவிட்டால் திரும்பி வந்தது. பயத்தின் பதிவு நரம்பிணைப்பின் வலிமையில் இருக்கிறது என்பதை இதைவிட நேராகக் காட்டுவது கடினம்.

இடத்தின் நினைவு வேறு கணக்கு. "கடித்த தெரு" என்பது ஒரு தனி ஒலியோ உருவமோ கிடையாது. வளைவு, மதில், வாசனை, நேரம் எல்லாம் சேர்ந்த ஒரு சூழல். இவற்றைக் கோத்து ஒன்றாக்குவது ஹிப்போகாம்பஸ். ஜீன்சாக் கிம், மைக்கேல் ஃபான்செலோ இருவரும் 1992இல், கற்பித்த மறுநாள் எலியின் ஹிப்போகாம்பஸைச் சிதைத்தார்கள். பெட்டியின் மீதிருந்த பயம் போய்விட்டது, ஒலியின் மீதிருந்த பயம் போகவில்லை. அதே அறுவையை 28 நாள் கழித்துச் செய்தால் பெட்டி பயமும் போகவில்லை. இடத்தின் நினைவு நாள்பட்டால் ஹிப்போகாம்பஸை விட்டுப் புறணிக்குப் பரவி ஊன்றிக்கொள்கிறது.

இனி, "தெரிந்தும் ஏன்" என்ற உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் சோதனை. 1995இல் அயோவாவில் அன்டோனியோ டமாசியோவின் குழு மூன்று நோயாளிகளிடம் செய்தது. திரையில் வண்ணச் சிலைடுகள் வரும். ஒரு குறிப்பிட்ட நிறத்துக்குப் பிறகு மட்டும் காதைத் துளைக்கும் படகு ஹார்ன். விரலில் ஒட்டிய மின்முனைகள் தோலின் வியர்வையை அளக்கும். இரு பக்க அமிக்டலாவும் கெட்டிருந்தவருக்கு அந்த நிறம் வந்தபோது வியர்வையில் எந்த ஏற்றமும் இல்லை. ஆனால் எந்த நிறத்துக்குப் பின் ஹார்ன் வந்தது என்று கேட்டால் சரியாகச் சொன்னார். ஹிப்போகாம்பஸ் கெட்டிருந்தவருக்கு நேர் எதிர்: நிறம் வந்ததும் கை வியர்த்தது, எந்த நிறம் என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டும் கெட்டிருந்த மூன்றாமவரிடம் இரண்டுமே இல்லை. அறிவும் வியர்வையும் இருவேறு இடங்களில் பதிகின்றன. எதிர்வீட்டு நாய் கட்டியிருக்கிறது என்பது உங்களிடம் முதல் இடத்தில் பதிந்திருக்கிறது. இரண்டாவது இடத்துக்கு அந்தச் செய்தி சொல்லால் போய்ச் சேர்வதில்லை.

வெளிப்பாட்டுக்கு வருவோம். பக்கவாட்டுத் தொகுதியில் எழுந்த செய்தி, நேராகவும் அடித் தொகுதி வழியாகவும் நடுத் தொகுதிக்குப் போகிறது. அங்கே ஒரு விசித்திரம். நடுத் தொகுதியின் வெளிப்பாதி, கட்டளை அனுப்பும் உட்பாதியை ஓயாமல் அடக்கிவைத்திருக்கிறது. அமைதியான நேரத்தில் பயம் வெளிவராமல் இருப்பது இந்த அடக்கலால்தான். ஆபத்துக் குறி வந்ததும் வெளிப்பாதியில் இருக்கும் ஒரு வகை நரம்பணுக்கள் விழித்து, அடக்கிக்கொண்டிருந்த இன்னொரு வகையை அடக்குகின்றன. தடை விலக, உட்பாதி சுடத் தொடங்குகிறது. 2010இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே சுண்டெலியில் இதைக் காட்டின.

உட்பாதியிலிருந்து கிளம்பும் நரம்பிழைகள் பல திசையில் போகின்றன. நடுமூளையில் சாம்பல் பகுதி என்று ஒன்று உண்டு. உறைந்து நிற்பது அதன் வேலை. உடம்பின் உள்நிலையைச் சீர்செய்யும் ஹைப்போதாலமஸின் பக்கப் பகுதி ரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. மூச்சை வேகப்படுத்தும் பகுதி மூளைத்தண்டில் இருக்கிறது. திடுக்கிடலைக் கூட்டும் பகுதியும் அங்கேதான். எலி திடீர்ச் சத்தத்துக்குத் துள்ளுவது வெறும் மூன்று நரம்பிணைப்புகளில், காலின் தசையில் சுமார் 8 மில்லிவிநாடிக்குள் நடந்துவிடும் அனிச்சை. பயந்திருக்கும் எலியில் அமிக்டலா அந்தத் துள்ளலைப் பெரிதாக்குகிறது. இன்னொரு கிளை, இடையிலுள்ள நரம்பணுத் தொகுதிகள் வழியாக ஹைப்போதாலமஸை அடைந்து, கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைச் சுரக்கவைக்கும் சங்கிலியைத் தொடங்குகிறது. அட்ரினலின் விநாடிகளில் ஏறிவிடும்; கார்டிசால் உச்சத்துக்கு வர 20, 30 நிமிடம் ஆகும். நாய் போன பிறகும் அரைமணி நேரம் உடம்பு நிலைக்கு வராததற்கு இந்த மெதுவான சங்கிலியும் ஒரு காரணம்.

1988இல் லெடூவின் குழு செய்த ஒரு வேலை, இந்தக் கிளைகள் எவ்வளவு தனித்தனி என்பதைக் காட்டியது. எலியின் நடுமூளைச் சாம்பல் பகுதியைச் சிதைத்தால் ஒலிக்கு உறையவில்லை. ரத்த அழுத்தம் மட்டும் வழக்கம்போல ஏறியது. ஹைப்போதாலமஸின் பக்கப் பகுதியைச் சிதைத்தால் அழுத்தம் ஏறவில்லை, உறைந்து நின்றது. ஆகவே வெளியே அசையாமல் நிற்பவரைப் பார்த்து உள்ளே என்ன நடக்கிறது என்று கணிக்க முடியாது. "அவனுக்குப் பயமே இல்லை, பார் எப்படி நிற்கிறான்" என்று சொல்வது பல நேரம் தவறாகவே இருக்கும்.

கால் நகராமல் போவதையும் தனியாகச் சொல்ல வேண்டும். உறைதல் செயலிழப்பு கிடையாது. ஆபத்து தெரிகிறது, இன்னும் பாயவில்லை என்ற தூரத்தில் எல்லாப் பாலூட்டிகளும் செய்வது இது. அந்த நிலையில் தசைகள் இறுகியிருக்கும், இதயத் துடிப்பு உண்மையில் சற்றுக் குறையும். ஆபத்து நெருங்கி, ஓடவோ எதிர்க்கவோ வேண்டும் என்றானதும் துடிப்பு எகிறும். லண்டனில் டீன் மாப்ஸ் குழு 2007இல் மனிதர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, திரையில் துரத்தும் ஒரு வேட்டைப்புள்ளியிடமிருந்து தப்பவைத்தது; பிடிபட்டால் ஷாக். துரத்துவது தூரத்தில் இருக்கும்போது நெற்றிக்குப் பின்னுள்ள முன்புறணியின் கீழ்நடுப் பகுதி வேலை செய்தது. கிட்ட வர வர வேலை நடுமூளைச் சாம்பல் பகுதிக்கு மாறியது. நிதானமாக யோசிப்பது தூரம் இருக்கும் வரைதான் எளிது. பயிற்சியைத் தூரத்திலிருந்து தொடங்குவதற்கு இதுவும் ஒரு நியாயம்.

பயம் என்ற உணர்வும் அமிக்டலாவில்தான் பிறக்கிறதா என்றால், நான் இல்லை என்பேன். ஆய்வுகளில் எஸ்.எம். என்று குறிக்கப்படும் பெண்ணுக்கு உர்பாக்-வீத்தே என்ற அரிய மரபணு நோயால் இரு பக்க அமிக்டலாவும் சிதைந்துவிட்டன. 2011இல் வெளியான ஆய்வில், பாம்பு பிடிக்காது என்று சொல்லிவந்த அவர் விலங்குக் கடையில் பாம்பைக் கையில் வாங்கி ஆர்வமாகத் தடவிப் பார்த்தார். பேய்வீட்டுக் காட்சியில் மற்றவர்களுக்கு முன்னால் நடந்தார். ஆனால் 2013இல் அவரையும் அதே நோயுள்ள இரட்டைச் சகோதரிகளையும் 35 சதவீத கார்பன் டைஆக்சைடு கலந்த காற்றை ஒரு முறை இழுக்கச் செய்தபோது மூவருமே மூச்சுத் திணறி, பீதியில் துடித்தார்கள். வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு அமிக்டலா தேவை. உடம்புக்குள்ளிருந்து எழும் பீதிக்குத் தேவைப்படவில்லை. லெடூவே 2014இலிருந்து, அமிக்டலாவின் வேலையை "ஆபத்தைக் கண்டு எதிர்வினை செய்தல்" என்றுதான் சொல்ல வேண்டும், பயம் என்ற உணர்வு புறணியின் துணையில்லாமல் உருவாவதில்லை என்று வாதிட்டு வருகிறார். மனிதர்களில் ஸ்கேன் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாலும் பயம் கற்கும்போது இன்சுலா, முன்புற சிங்குலேட் புறணி ஆகிய புறணிப் பகுதிகள் தெளிவாகத் தெரியும் அளவுக்கு அமிக்டலா தெரிவதில்லை. சிறிய இடம், சில நொடிகளில் அடங்கிவிடும் செயல், அதில் பங்கெடுப்பதும் ஒரு பங்கு நரம்பணுக்கள் மட்டும். ஸ்கேன் கருவிக்கு அது பிடிபடுவது கடினம். ஒரு படத்தில் அமிக்டலா ஒளிர்கிறது, அதனால் அவர் பயந்தார் என்று எவராவது சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள்.

கடிபடாமலேயே பயம் வருவதும் இதே வழியில்தான். உளவியலாளர் சூசன் மினேகா 1980களில் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த குரங்குகளுக்குக் காட்டுக் குரங்கு பாம்பைக் கண்டு அலறுவதைக் காட்டினார். அதுவரை பாம்பைப் பொருட்படுத்தாதவை சில நிமிடங்களில் பயந்தன. காட்சியை வெட்டி ஒட்டி, பூவைக் கண்டு குரங்கு அலறுவதுபோலக் காட்டியபோது பூவுக்குப் பயப்படவில்லை. எதற்குப் பயப்படலாம் என்பதில் பரிணாமம் ஓரளவு முன்கூட்டியே சாய்வை வைத்திருக்கிறது. மனிதர்களுக்குச் சொல்லே போதும்: இந்த நிறம் வந்தால் ஷாக் வரலாம் என்று சொல்லிவிட்டு, ஒரு முறைகூட ஷாக் கொடுக்காமல் 2001இல் செய்த ஆய்விலும் அமிக்டலா எதிர்வினை செய்தது. நாயைக் கண்டால் குழந்தையை வெடுக்கென்று பின்னால் இழுத்து முகத்தில் பதற்றம் காட்டும் பெரியவர், கடியில்லாமலேயே அந்தப் பாடத்தைக் கொடுத்துவிடுகிறார்.

அடுத்து, தணிப்பது. ஒலியை ஷாக் இல்லாமல் திரும்பத் திரும்பக் கொடுத்தால் எலி உறைவது குறைந்துகொண்டே வந்து நின்றுவிடும். பயம் அழிந்துவிட்டது என்று பார்த்தால் தோன்றும். அழியவில்லை. சில வாரம் சும்மா விட்டால் தானாகத் திரும்பும். தணித்த பெட்டியை விட்டு வேறு இடத்தில் ஒலியைக் கேட்டால் திரும்பும். ஒலியே இல்லாமல் ஒரு ஷாக் மட்டும் வாங்கினாலும் திரும்பும். உளவியலாளர் மார்க் பௌடன் இந்த மூன்றையும் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்: பழைய பாடம் அப்படியே இருக்கிறது, "இப்போது, இங்கே, ஆபத்தில்லை" என்ற புதுப் பாடம் அதன் மேல் சேர்கிறது. புதுப் பாடம்தான் இடத்தோடும் நேரத்தோடும் அதிகம் ஒட்டிக்கொள்கிறது.

அந்தப் புதுப் பாடத்தை நினைவுக்குக் கொண்டுவருவது முன்புறணியின் கீழ்நடுப் பகுதி. முகமது மிலாத், கிரெகரி குவர்க் இருவரும் 2002இல் எலியில் பதிவு செய்தபோது, அங்குள்ள நரம்பணுக்கள் கற்கும்போதும் தணியும்போதும் ஒலிக்குச் சுடவில்லை. மறுநாள், தணிந்ததை நினைவுகூரும்போதுதான் சுட்டன. அதிகமாகச் சுட்ட எலிகள் குறைவாக உறைந்தன. இந்தப் பகுதி, அமிக்டலாவுக்குள் தடை செய்யும் சிறு நரம்பணுக் கூட்டங்களைத் தட்டி நடுத் தொகுதியை அடக்குகிறது. அதற்குச் சற்று மேலே இருக்கும் முன்புறணிப் பகுதி இதற்கு எதிர்வேலை செய்கிறது: பயத்தைத் தாங்கிப்பிடித்து நீட்டிக்கிறது.

நீடித்த மன அழுத்தம் இந்தத் தராசைச் சாய்த்துவிடும். சட்டர்ஜியின் குழு எலிகளை நாளுக்கு 2 மணி நேரம், 10 நாள் அசையவிடாமல் வைத்தது. ஹிப்போகாம்பஸில் நரம்பணுக் கிளைகள் சுருங்கின, அமிக்டலாவில் வளர்ந்தன. 21 நாள் ஓய்வு கொடுத்ததும் ஹிப்போகாம்பஸ் தேறியது, அமிக்டலாவின் வளர்ச்சி அப்படியே நின்றது. வேலையிலோ வீட்டிலோ நெருக்கடி உள்ள மாதத்தில் தணிந்த பயம் தலைதூக்கினால் வியப்பில்லை.

இதையெல்லாம் வைத்து நாய் பயத்துக்கு என்ன செய்வது? எக்ஸ்போஷர் தெரபி என்று உளவியலாளர்கள் செய்வது மேலே சொன்ன தணிப்பைத்தான். ஸ்வீடனின் லார்ஸ்-யோரான் ஓஸ்ட், ஒரே ஒரு பொருளின் மீதான பயத்துக்கு 3 மணி நேரம் வரை நீளும் ஒரே அமர்வில் இதைச் செய்து பலன் காட்டினார். நாய் தெருநாயாக இருக்கக் கூடாது. தடுப்பூசி போட்ட, சாதுவான, உரிமையாளர் பிடித்திருக்கும் நாய் வேண்டும். நம் தெருக்களில் தடுப்பூசி போடாத நாயைக் கண்டு ஒதுங்குவது நியாயமான எச்சரிக்கை, அதைப் போக்க வேண்டியதில்லை. கடிபட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசிக்குப் போவதும் மாறாது.

ஒவ்வொரு படிக்கும் முன்னால் "என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன்" என்பதை எழுதுங்கள். "பத்தடிக்குள் வந்தால் பாய்ந்துவிடும்" என்பதுபோல, பொய்யானால் பொய் என்று தெரியக்கூடிய ஒரு வாக்கியம். குரைப்புச் சத்தத்துடன் வீடியோ, 15, 20 மீட்டர் தூரத்தில் நாய், 5 மீட்டர், பக்கத்தில் உட்காருதல், முதுகில் கை வைத்தல் என்று நகரலாம். எதிர்பார்ப்பு பொய்க்கும் வரை அங்கேயே இருங்கள். பதற்றம் முழுதும் இறங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. மூளை கற்பது எதிர்பார்த்தது நடக்காமல் போவதிலிருந்து.

கெட்டுப்போவது பெரும்பாலும் நான்கு இடங்களில். உச்சப் பதற்றத்தில் விலகிப் போவது முதலாவது. விலகியதும் கிடைக்கும் நிம்மதி, தப்பித்ததால்தான் பிழைத்தேன் என்ற பாடத்தை உறுதியாக்குகிறது. இரண்டாவது, கையில் குச்சி, கூடவே ஒரு ஆள், காதில் பாட்டு போன்ற கவசங்கள். ஒன்றும் ஆகாததற்கான பெருமை கவசத்துக்குப் போய்விடும். மூன்றாவது, பயிற்சிக்கு முன் தூக்க மாத்திரை வகைப் பதற்ற மாத்திரை போட்டுக்கொள்வது. மாத்திரை இருக்கும் நிலையில் கற்றது அது இல்லாத நிலைக்குச் சரியாக வந்து சேர்வதில்லை. ஏற்கெனவே தினமும் எடுப்பவர் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் பேச வேண்டும். நான்காவதுதான் அதிகம் நடப்பது: ஒரே நாய், ஒரே வீடு, ஒரே நேரம். அங்கே தைரியம் வந்துவிடும், அடுத்த தெருவில் போய்விடும். நாயையும் இடத்தையும் நேரத்தையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். சில வாரம் கழித்து ஒரு முறை திரும்பச் செய்ய வேண்டும்.

ஒரு விலக்கு உண்டு. ரத்தம், ஊசி கண்டு மயங்குபவர்களுக்கு அழுத்தம் முதலில் ஏறிச் சட்டென்று சரிகிறது. அவர்கள் வெறுமனே தாக்குப்பிடித்து நின்றால் விழுவார்கள். கை, மார்பு, கால் தசைகளை முகம் சூடேறும் வரை 10, 15 விநாடி இறுக்கி, 20, 30 விநாடி தளர்த்தி, இப்படி ஐந்து முறை செய்யப் பழகிய பிறகே பயிற்சிக்குப் போக வேண்டும். தளர்த்தும்போது முழுதும் சாய்ந்துவிடாமல் இயல்பு நிலைக்கு வந்தால் போதும்.

அழிக்கவே முடியாதா? 2000இல் கரீம் நாதர், க்ளென் ஷேஃப், லெடூ மூவரும், பழைய பயத்தை ஒரு முறை நினைவூட்டிய உடனே எலியின் அமிக்டலாவில் புரத உற்பத்தியைத் தடுத்தார்கள். அந்தப் பயம் அடுத்த நாள் இல்லை. நினைவூட்டாமல் அதே மருந்தைச் செலுத்தினால் பயம் குறையவில்லை. நினைவுக்கு வரும் பதிவு சில மணி நேரம் இளகி, மறுபடி உறைய வேண்டியிருக்கிறது என்று இதைப் புரிந்துகொள்கிறார்கள். 2010இல் டானியேலா ஷில்லர் குழு மருந்தே இல்லாமல், மனிதர்களுக்கு ஒரு முறை நினைவூட்டி, 10 நிமிடம் கழித்துத் தணிப்பைத் தொடங்கினால் பயம் திரும்புவதில்லை என்று சொன்னது. 6 மணி நேரம் கழித்துத் தொடங்கினால் திரும்பியது. நெதர்லாந்தில் மெரல் கின்ட், இதயத் துடிப்பைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் என்ற மருந்து 40 மில்லிகிராம் கொடுத்து இதேபோன்ற விளைவைக் காட்டினார். ஆனால் வேறு குழுக்கள் திரும்பச் செய்தபோது சிலருக்குக் கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. இன்றைய நிலையில் இதை நம்பி மருந்துக் கடையில் ப்ரோப்ரனலால் வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்துமா உள்ளவருக்கும் நாடித் துடிப்பு குறைவாக உள்ளவருக்கும் அது ஆபத்து.

கடைசியாக ஒன்று. கடிபட்ட காட்சி கனவில் திரும்புவது, பகலில் திடீரென்று அங்கேயே நிற்பதுபோல் ஆவது, வெளியே போவதையே தவிர்ப்பது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அது சாதாரண நாய் பயத்தைத் தாண்டியது. நீங்களாகப் படிகள் ஏற முயலாமல், மருத்துவ உளவியலாளரிடம் போங்கள். அதற்கென உள்ள எக்ஸ்போஷர் முறை வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை நடக்கும். இந்தியாவில் இருப்பவர்கள் எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416ஐ அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.